இடம் இல்லை என்று சொன்னவர்

ஜெசிந்தா மேடம் இறந்த செய்தி எனக்கு ஒரு மங்கலான சதுரமாகத்தான் வந்தது. காலை ஆறே காலுக்குக் கம்பெனி பஸ் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றபோது எங்கள் ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் விழுந்தது. அதன் கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். தொட்டுப் பார்த்தேன், திறக்கவில்லை. போனில் இடம் இல்லை, எதையாவது அழியுங்கள் என்றது. யாரோ போய்விட்டார்கள் என்று தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. காலை வணக்கச் செய்திகள், யாரோ அனுப்பிய சமையல் வீடியோ, என் மகனின் பள்ளி விளையாட்டு விழா என்று பதற்றத்தில் கையில் பட்டதையெல்லாம் அழித்துக்கொண்டே வந்தேன். பிறகுதான் படம் தெளிந்து அவருடைய முகம் வந்தது. நீல நிறப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. அடப்பாவமே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

சர்வர் அறையைப் பதினெட்டு வருடம் பார்த்துக்கொண்டவர். இடம் இல்லை, இடம் இல்லை என்று எங்களிடம் சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கியவர். அவருடைய சாவுச் செய்தியைப் பார்க்கவும் நான் இடம் தேட வேண்டியிருந்தது.

அவருடைய ஊரான சேரப்பணஞ்சேரியில் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆலை மலருக்கு அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்றார்கள் நண்பர்கள். நானா என்றேன். அவருக்கு எதிராக எழுத்துமூலம் புகார் கொடுத்த ஒரே ஆள் இந்த ஆலையில் நான்தான். அந்தப் புகாரால்தான் அவருக்கு வரவேண்டிய மேலாளர் பதவி வராமல் போனது. அதற்காக நான் ஒருமுறைகூட அவரிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. தெரிவிக்கலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வருடம் போனது. மேடத்தை அறிந்தவர்களே, நீங்கள் பூப்போல ஒரு அஞ்சலியை எதிர்பார்த்தால் மன்னியுங்கள். எனக்கு எழுத வேண்டியது இதுதான்.

வெளியிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆலையில் வண்டிகளுக்கான பிரேக் குழாய் செய்கிறோம். பக்கத்துச் சாலையில் இருக்கும் கார் ஆலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வண்டி சரக்குப் போக வேண்டும். நான் தரக் கட்டுப்பாட்டுத் துறை, பெயர் செல்வம், ஊர் கோவில்பட்டி. ஆறு பேர் ஓர் அறை விடுதியில் தங்கி டிரெய்னியாகச் சேர்ந்தவன். மேடம் உள்ளூர்க்காரர். டேட்டா என்ட்ரி செய்ய வந்து, தானே படித்து, ஆலையின் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் பேசிக்கொள்ளும் அந்தக் குளிர் அறைக்குப் பொறுப்பானவர். சாதாரணமாக நம்மைப் போலத்தான் பேசுவார். கோபம் வந்தாலோ சிரிப்பு வந்தாலோ மட்டும் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "இன்னா சார், கீதுன்னா தரமாட்டனா?" என்பார். 'இருக்கு' என்பதற்கு அவர் சொல்லும் அந்த 'கீது'வை நான் நக்கல் செய்வேன். "நீங்க பேசுறத மொதல்ல தமிழ்ல பேசுங்க சார்" என்று திருப்பிக் கொடுப்பார்.

சண்டை கேமராவால் வந்தது. ஒவ்வொரு குழாயையும் நாலு பக்கமும் படம் எடுக்கும் பரிசோதனை மேடைகள் ஆறு வாங்கினோம். படம் சர்வரில் போய்ச் சேர்ந்தால்தான் குழாயைப் பிடித்திருக்கும் கவ்வி விடும், சேராவிட்டால் விடாது. அந்த விதியைப் போட்டது நான். ஒரு துண்டுகூடப் படம் இல்லாமல் வெளியே போகக் கூடாது என்பதில் எனக்கு அவ்வளவு வைராக்கியம். படங்களுக்கு இடம் கேட்டு மேடத்திடம் போனேன்.

"எத்தினி நாளு வெச்சிக்கணும் சார்?"

"எல்லாம் வேணும் மேடம். எப்பவும் வேணும்."

"நல்லா இருக்கற குழாயோட படம் எதுக்கு எப்பவும்? கஸ்டமர் கேக்கறது கோளாறு படம் மட்டும்தானே?"

"ஆடிட்டர் கேட்டா?"

எங்கள் ஆலையில் இந்தக் கேள்விக்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். ஆடிட்டர் கேட்டால் என்ற பயத்தில்தான் ஸ்டோர்ஸில் பழைய கேட் பாஸ் ஸ்கேன் அத்தனையும் கிடக்கிறது, கேன்டீன் மெனுகூட வருடக்கணக்கில் கிடக்கிறது. ஒரே அறிக்கை 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் லாஸ்ட்', 'இதுதான் ஃபைனல்' என்று நாலு பெயரில் நாற்பது பேர் ஃபோல்டரில் இருக்கும். மேடம் அந்தக் கேள்விக்கும் அசரவில்லை. "கேட்டா நான் பதில் சொல்றேன். இப்ப இடம் இல்ல சார்" என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவர் சொன்ன விதத்தில் எனக்கு ஏதோ உறுத்தியது. இடம் வைத்துக்கொண்டே இல்லை என்கிறார் என்று தோன்றியது. நமக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. அன்றே மின்னஞ்சல் எழுதினேன். 'ஐ.டி. பொறுப்பாளர் இருக்கும் இடத்தை மறைத்து வைத்துக்கொண்டு தரத்துக்குத் தடையாக இருக்கிறார்' என்று எழுதி, பிளான்ட் ஹெட் முதல் பாதுகாப்பு அதிகாரி வரை அத்தனை பேருக்கும் நகல் போட்டேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் அவரை நிற்க வைத்துக் கேட்டார் பிளான்ட் ஹெட். எங்கள் காலைக் கூட்டம் நின்றுகொண்டே நடப்பதுதான், ஆனால் ஒருவரை முன்னால் வரச் சொன்னால் அதற்கு அர்த்தம் வேறு. "இடம் இருக்கா, இல்லையா? ஒரு வார்த்தையில சொல்லுங்க" என்றார். மேடம் என்னை ஒருமுறை பார்த்தார். "இல்ல சார்" என்றார். அவ்வளவுதான். அந்த வருடம் மேலாளர் பதவிக்குச் சென்னையிலிருந்து வேறொருவர் வந்தார். மேடம் அவருக்கு அறையைக் காட்டி, கடவுச்சொல் எழுதிக் கொடுத்து, டீ சொல்லி அனுப்பிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

என் மின்னஞ்சலுக்குப் பலன் கிடைத்தது. பழையதைப் போல எட்டு மடங்கு கொள்ளும் புது ஸ்டோரேஜ் வந்து இறங்கியது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்தது. மேடம் கிறிஸ்தவர், ஆனாலும் சர்வர் அறைப் பூஜையை வருடா வருடம் அவர்தான் செய்வார். சந்தனம் எங்கே வைக்கலாம், எங்கே வைத்தால் காற்றோட்டம் அடைபடும் என்பது அவருக்குத்தான் தெரியும். பூஜையன்று புதுப் பெட்டிக்கு மாலை போட்டுவிட்டுப் பொரி கடலையை என் கையில் கொட்டினார்.

"அடுத்த ஆயுத பூஜைக்குள்ள ரொம்பிடும் சார்."

"மேடம், எட்டு மடங்கு! என் காலத்துக்கும் போதும்."

"பிரியாணி பந்தயம் வெச்சுக்கலாமா?"

வைத்துக்கொண்டேன். அந்தப் பூஜையன்றே நிரம்ப ஆரம்பித்ததை நான் கவனிக்கவில்லை. ஃபோர்க்லிஃப்ட் எலுமிச்சைப் பழத்தின் மேல் ஏறுகிற வீடியோவை ஒவ்வொரு துறையும் தனித்தனியாக எடுத்துத் தனித்தனியாகச் சர்வரில் போட்டு வைத்தது. பெட்டி பெரியது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் தாராளம் வந்துவிட்டது. பயிற்சித் துறை வகுப்புகளை முழுசாக வீடியோ எடுத்தது. பாதுகாப்புத் துறை கேமராப் பதிவை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதமாக்கியது. நான் மட்டும் சும்மா இருந்தேனா? ஆறு மேடைகளிலும் படத்தின் தெளிவை உச்சத்துக்கு ஏற்றினேன். ஒரு குழாயில் இருக்கும் தூசி தெரியும்படி. தூசி யாருக்கு வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜை வரை போகவில்லை. பொங்கலுக்கு முன்பே நிரம்பியது.

பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். பாதியைச் சாப்பிட்டுப் பாதியை வீட்டுக்குக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டே தன் வீட்டுக் கதையைச் சொன்னார். புதுவீடு கட்டும்போது சமையலறையில் ஒரு லாஃப்ட் போதும் என்றாராம், கணவர் அந்தோணி எல்லா அறைக்கும் போட்டுவிட்டாராம். "இப்ப மேல இன்னா கீது தெரியுமா சார்? மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, டிவி வந்த அட்டைப்பெட்டி, ஃபேன் வந்த அட்டைப்பெட்டி. எல்லாம் காலி பெட்டி. எறக்கலாம்னா, வாரண்டிக்கு வேணும்ன்றாரு. அந்த மிக்ஸியே இப்ப இல்ல!" சிரித்துவிட்டு, பொட்டலத்தை முடிந்தபடி ஒன்று சொன்னார். "இடம் இருக்குன்னு தெரிஞ்சா இடம் இருக்காது சார். அவ்ளோதான்." அன்றைக்கு அதை நான் பிரியாணிப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மதியங்களில் எங்கள் துறை ஃபோல்டர்களைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தோம். அவர் நினைத்தால் ஒரு கட்டளையில் மொத்தத்தையும் துடைத்துவிடலாம், செய்ய மாட்டார். போட்டவர் பக்கத்தில் இருக்க வேண்டும், திறந்து பார்க்க வேண்டும், பிறகுதான் அழிக்க வேண்டும். எனக்குக் கொட்டாவி வரும். "என்னத்துக்கு மேடம் ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டு, மொத்தமா தூக்கிருவோம்" என்பேன். "அழிக்கச் சொல்லல சார், பாத்துட்டு அழிக்கச் சொல்றேன்" என்பார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று ஒரு சனிக்கிழமை புரிந்தது. பிள்ளைப்பாக்கத்திலிருந்து பிரஸ் ஷாப்புக்கு வந்துகொண்டிருந்த பாபு என்ற ஆபரேட்டர் அதற்குச் சில வாரம் முன்புதான் சாலை விபத்தில் இறந்திருந்தார். அவர் மனைவி நிலுவைத் தாள்களில் கையெழுத்துப் போட வந்தவர், சிரித்த மாதிரி ஒரு படமும் அவருக்கு இல்லை, அடையாள அட்டைப் படத்தில் முறைக்கிறார், ஏதாவது இருக்குமா என்று கேட்டாராம். யாருக்கும் நினைவு வரவில்லை. மேடம் அன்று எங்கள் பூஜைப் படக் குப்பையை ஒன்றொன்றாகத் திறந்துகொண்டே போனார். துறைக்கு ஒன்றாக எடுத்த அந்த எலுமிச்சை வீடியோக்களில் ஒன்றே ஒன்றில், ஓரமாக, பாபு கையில் தேங்காயோடு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மேடம் அந்த ஒன்றை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு மற்றவற்றையெல்லாம் அழித்தார். மொத்தமாகத் தூக்கிவிடலாம் என்று நான்தான் பத்து நிமிடம் முன்பு சொல்லியிருந்தேன். கூசிப்போனேன். அன்றாவது அந்த மின்னஞ்சலைப் பற்றிப் பேசியிருக்கலாம், பேசவில்லை.

போன வருடக் கடைசியில் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. சிறுநீரகம் என்றார்கள். இரண்டு மாத விடுப்பில் போனவர் திரும்பி வருவார் என்றுதான் அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். நாற்பத்தெட்டு வயது எல்லாம் போகிற வயதா?

நல்லடக்கம் முடிந்த நாலாம் நாள், காலை பதினொரு மணி. நான் லைனில் இருந்தேன். முதல் மேடையின் கவ்வி குழாயை விடவில்லை. ஆபரேட்டர் பெண் பட்டனை மறுபடி மறுபடி அழுத்தினார். "சார், வுட மாட்டேங்குது!" அதற்குள் இரண்டாவது, மூன்றாவது. ஐந்து நிமிடத்தில் ஆறும் நின்றன. சிவப்பு விளக்கு சுழல்கிறது. சர்வர் முழுசாக நிரம்பிவிட்டது, படம் போய்ச் சேர இடமில்லை. படம் சேராமல் கவ்வி விடாது, நான் போட்ட விதி. பன்னிரண்டரைக்குச் சரக்கு வண்டி கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் ஒரு மணிக்குப் பக்கத்து ஆலையில் கார் லைன் நிற்கும். அது நின்றால் இங்கே யார் தலை உருளும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சென்னை மேலாளர் போனில் வந்தார். வேறு ஆலையில் இருந்தார். "இருக்கறதுலயே பழைய ஃபோல்டரைத் தூக்கிடுங்க, பார்த்துக்கலாம்" என்றார். பழையது என்றால் எங்கள் முதல் வருடத்துக் கோளாறு படங்கள், கஸ்டமர் நிஜமாகவே கேட்கக்கூடியவை. பிளான்ட் ஹெட் என் பின்னால் நின்று, "செல்வம், அழிங்க, அழிங்க" என்கிறார். பஸ்ஸில் போனில் இடம் பண்ணுவதற்காக என் மகன் ஓடுகிற வீடியோவைப் பார்க்காமலே அழித்திருந்தேன். அது ஞாபகம் வந்தது. ஒரு நிமிடம் சார் என்று சொல்லிவிட்டுச் சர்வர் அறைக்கு ஓடினேன்.

அந்த அறையில் ரேக்கின் பக்கவாட்டில் சணலில் கட்டிய நீள நோட்டு ஒன்று தொங்கும். என்றைக்கு எது பழுதானது, எதை மாற்றினார் என்று மேடம் கையால் எழுதி வைப்பார். கம்ப்யூட்டர் அறையில் நோட்டா என்று அதையும் கிண்டல் செய்தவன் நான். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். விடுப்பில் போவதற்கு முந்தின நாள் எழுதியது.

'செல்வம் சாருக்கு. நான் இல்லாதப்ப ரொம்பி லைன் நின்னா, உங்க துறை ஃபோல்டருக்குள்ள "அப்புறம் பாக்கலாம்"னு ஒண்ணு இருக்கு இல்ல, அதைத் திறங்க. பத்து ஃபைல் இருக்கும். உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் காலி. இடம் புடிச்சி வெச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு அழிங்க. ரெண்டு நாள் ஓடும். அந்த ரெண்டு நாளுக்குள்ள உக்காந்து பழசைப் பாருங்க. மீதி ஒம்போதைத் தொடாதீங்க. யாருக்கும் சொல்லாதீங்க. சொன்னா ஒரு வாரம் தாங்காது.'

'அப்புறம் பாக்கலாம்' என்பது பல வருடம் முன்பு நானே பெயர் வைத்து உருவாக்கிய ஃபோல்டர். அதை நான் ஒருநாளும் திறக்க மாட்டேன் என்று தெரிந்துதான் அதற்குள் வைத்திருக்கிறார். திறந்தேன். பத்துக் கனமான காலி ஃபைல்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை அழித்தேன். லைனிலிருந்து கவ்விகள் விடுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. வண்டி பன்னிரண்டு நாற்பதுக்குக் கிளம்பியது. பத்து நிமிடத் தாமதம், யாரும் கேட்கவில்லை.

பிறகுதான் அந்த ஃபைல்களின் தேதியைப் பார்த்தேன். கடைசி ஏழும் புதுப் பெட்டிக்குப் பூஜை போட்ட அன்று உருவானவை. நாங்கள் பொரி தின்றுகொண்டிருந்தபோது உருவாக்கியிருக்கிறார். முதல் மூன்று பழைய பெட்டியிலிருந்து வந்தவை. அவை நான் மின்னஞ்சல் அனுப்பியதற்கும் எட்டு மாதம் முந்தியவை.

அப்படியென்றால் நான் எழுதியது உண்மை. இருந்த இடத்தைத்தான் மறைத்து வைத்திருந்தார். காலைக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் நின்று அவர் சொன்னது பொய். இருக்கிறது, தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதவி அவருக்கு வந்திருக்கும், நான் ஒரு மாதத்தில் அந்த இடத்தைத் தூசிப் படங்களால் நிரப்பியிருப்பேன், என்றைக்கோ ஒருநாள் லைன் நின்றிருக்கும், அழிக்க எதுவும் இருந்திருக்காது. அவர் லைனை வைத்துக்கொண்டு பதவியை விட்டிருக்கிறார். குளிர் அறையில் தனியாக நின்று அழுதேன். சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

முப்பதாம் நாள் அந்தோணி அண்ணனிடம் இதைச் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் இலையை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு மாசம் உன் பேர வூட்டுல எடுக்க வுடல தம்பி. அப்புடியாப்பட்ட கோவம். அப்பாலிக்கா ஒரு நாளு அவளே சிரிச்சிகினு சொல்றா, 'அத்தினி பேர்ல அந்தாளு ஒருத்தன்தான்யா கண்டுபுடிச்சான், நான் ஒளிச்சி வெச்சிகிறேன்னு. எனக்கு அப்புறம் அவன்கிட்டதான் குடுக்கணும்'னு." கை கழுவப் போனோம்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவுதான். சணல் கட்டிய அந்த நோட்டு, அதில் இப்போது என் கையெழுத்து. சனிக்கிழமை மதியங்கள். பார்த்துவிட்டு அழிக்கும் பழக்கம். படத்தின் தெளிவை ஆறு மேடைகளிலும் இறக்கிவிட்டேன், ஆடிட்டர் கேட்டால் நான் பதில் சொல்கிறேன். லைன் திரும்ப ஓடிய அன்று பிளான்ட் ஹெட் கேட்டார். "எப்படி இடம் வந்தது செல்வம்? இன்னும் இருக்கா?" எல்லோரும் சுற்றி நின்றார்கள். "பழசு கொஞ்சம் அழிச்சேன் சார். இனிமே இல்ல" என்றேன். இதைப் படித்துவிட்டு 'அப்புறம் பாக்கலாம்' ஃபோல்டரைத் தேடப்போகும் நண்பர்களே, சிரமப்படாதீர்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன்பே அவற்றை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன். கூட்டத்தில் முன்னால் நிறுத்திக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன்.

மேடம், அந்த மின்னஞ்சலுக்காக என்னை மன்னித்துவிடுங்கள். ஒன்றே ஒன்றுதான் அழித்தேன். மீதி ஒம்போதும் அப்படியே கீது.